கல்யாண நாளுக்குக் குமரிப் பக்கம் ஒரு சாயங்காலம்: எங்கே உட்கார்ந்து நிதானமாகத் தின்னலாம், குடிக்கலாம்?

பவானிக்கரை (கேள்வி)

வணக்கம். நாங்கள் ஈரோடு பக்கம். நவம்பர் மூன்றாவது வாரம் எங்களுக்குப் பதினைந்தாவது கல்யாண நாள். பிள்ளைகள் இரண்டையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, நானும் வீட்டம்மாவும் மட்டும் மூன்று நாள் கன்னியாகுமரி வருகிறோம். விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவில் போட்டிருக்கும் கண்ணாடிப் பாலம், சுசீந்திரம், பத்மநாபபுரம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேட்க வரவில்லை.

ஒரு சாயங்காலத்தைத் தின்பதற்கும் குடிப்பதற்கும் மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். எனக்கு இரண்டு பீர் போதும். அவளுக்கு ஒயின் என்றால் ஒரு கிளாஸ். கள் குடித்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே ரொம்ப நாள் ஆசை. அந்தப் பக்கம் கிடைக்குமா? எங்கள் ஊரில் மீன் என்றால் அணை மீன், விட்டால் ஐஸில் வந்த வஞ்சிரம். அதனால் கடல் மீனை ஒரு கை பார்க்கலாம் என்று இருக்கிறோம். அறை வாடகை போக ஐந்தாயிரம் வரை செலவழிக்கலாம்.

அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "பதினஞ்சு வருசமா எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் சாப்பிடறேன். அன்னைக்கு எனக்கு யாராச்சும் போடோணும். அதுவும் சூடா."

கடல் தெரிகிற மாதிரி நல்ல ஹோட்டலாக ஒன்று சொல்லுங்கள். சனி ராத்திரியா, ஞாயிறு ராத்திரியா என்பது இன்னும் முடிவாகவில்லை.

வடசேரி பஸ் ஸ்டாண்டு

நவம்பர் மூன்றாவது வாரம் என்றால் கார்த்திகை பிறந்திருக்கும். ஐயப்ப சாமிகள் சபரிமலைக்குப் போகும்போதும் வரும்போதும் கன்னியாகுமரி டவுனுக்கு வருவார்கள். லாட்ஜ் வாடகை ஏறும், எங்கே பார்த்தாலும் வரிசை நிற்கும். அந்த நேரத்தில் டவுனுக்குள் நிதானமாக உட்கார்ந்து பீர் குடிக்க நினைத்தால் நடக்காது. மேற்கே முட்டம், குளச்சல் பக்கம் அறை பாருங்கள். வேறு விவரம் எனக்குத் தெரியாது, நான் சைவம்.

முந்திரிக்கொத்து

அண்ணே, அண்ணி வைத்த நிபந்தனையைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். மற்றபடி "எந்த ஹோட்டல் நல்லது" என்கிற கேள்விகளுக்கு நான் பதில் போடுவதில்லை.

நான் மணவாளக்குறிச்சிக்காரி. கட்டிக் கொடுத்தது திருச்சிக்கு, குடியிருப்பது சென்னையில். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தோம். கல்யாணம் முடிந்த மறுநாள் மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு, "இவருடைய பழைய சிநேகிதர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார், பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறோம்" என்று ஒரு பொய்யைச் சொல்லி, நானும் இவரும் முட்டத்தில் அறை எடுத்தோம். அம்மா வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான் இருக்கும். சொந்த ஊரில் டூரிஸ்டாகத் தங்குவதில் திருட்டு மாங்காய் தின்கிற சுகம் உண்டு.

முதலில் அந்தக் கடல் தெரிகிற ஹோட்டலை மறந்துவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் கடல் தெரியாது, சத்தம்தான் கேட்கும். தெரியாத கடலுக்கும் சேர்த்து பில் போட்டுவிடுவார்கள். கடலைப் பார்ப்பது ஒரு வேலை, சாப்பிடுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மேஜையில் வைக்கப் போனால் இரண்டும் கெடும்.

அப்புறம், எட்டு மணிக்கு ஆரம்பித்தால் அது ராத்திரிச் சாப்பாடு. சாயங்காலம் வேண்டுமென்றால் மூன்றரைக்கே தொடங்க வேண்டும். நாங்கள் மதியம் மோர் விட்டுக் கொஞ்சம் சோறு, ஊறுகாய், அவ்வளவோடு நிறுத்திக்கொண்டோம். மூன்றரைக்கு நாகர்கோவிலில் ஒரு சாயாக்கடை. ரசவடை தின்னாமல் இந்த மாவட்டத்தை விட்டுப் போகாதீர்கள். பருப்பு வடையைச் சூடான ரசத்தில் ஊறப் போட்டுத் தருவார்கள். மேலே பஞ்சு மாதிரி ஆகியிருக்கும், நடுவில் மட்டும் பருப்பு இன்னும் பல்லில் தட்டுப்படும். அந்தப் பக்குவத்தில் வாங்கினால்தான் சரி. "நல்லா மொறுமொறுன்னு இருக்கிற வடையை எதுக்கு ரசத்துல முக்கிக் கொல்றாங்க?" என்று இவர் சிரித்தார். திருச்சிக்காரர், வடை விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. மூன்று தின்றார். நீங்கள் ஆளுக்கு ஒன்றோடு எழுந்துவிடுங்கள்.

பீரை மதியமே வாங்கியாயிற்று. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடும். சாயங்காலக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். இவர்தான் இறங்கிப் போனார். நான் ஆட்டோவுக்குள் துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு இருந்தேன். எங்கள் ஊரில் எதிரே வருகிற இரண்டாவது ஆள் சொந்தக்காரராக இருப்பார், மூன்றாவது ஆள் அப்பாவிடம் படித்தவராக இருப்பார். ஒயினுக்கு இங்கே அலையாதீர்கள். வருகிற வழியில் ஏதாவது பெரிய ஊரில், டாஸ்மாக்கின் உயர்ரகக் கடையான எலைட் கடையில் வாங்கிப் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஐந்து மணிக்கு முட்டத்துக் கரை. வள்ளங்கள் ஏறிக் கிடந்தன, பெண்கள் வட்டச் சருவத்தில் மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இங்கே ஒரு விஷயம்: நெய்மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நீங்கள் வஞ்சிரம் என்பதைத்தான் நாங்கள் நெய்மீன் என்கிறோம். அதை ஈரோட்டிலேயே தின்றுகொள்ளலாம். அன்றைக்கு எது துள்ளுகிறதோ அதை வாங்குங்கள். சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), விளமீன், பாறை மீன், கணவாய், எதுவாக இருந்தாலும் சரி. கடியப்பட்டணத்துச் சிப்பி கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். எங்களுக்குப் படவில்லை.

நான் ஒரு விளமீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தேன். விற்கிற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்ளே, நீ எந்த ஊரு?"

"சென்னை."

"சென்னைக்காரி செவுளத் தூக்கியா பாப்பா?"

பதில் சொல்ல முடியாமல் சிரித்துவிட்டேன். ஒன்றேகால் கிலோ விளமீனும் அரைக் கிலோ கணவாயும் சேர்த்து எண்ணூற்றைம்பது ரூபாய். பொய் சொன்னதற்குத் தண்டனையாகவோ என்னவோ, ஒரு கை சாளையைச் சும்மா அள்ளிப் போட்டார்.

சமைப்பது யார் என்று கேட்பீர்கள். அறை பதிவு செய்யும்போதே போனில், "மீன் வாங்கிக்கொண்டு வந்தால் சமைத்துத் தருவீர்களா" என்று கேட்க வேண்டும். பெரிய ஹோட்டல்களில் நடக்காது. சின்ன இடங்களில் சமையலுக்கு ஒரு அக்கா இருப்பார், ஒப்புக்கொள்வார். எங்களுக்கு வாய்த்த அக்கா தேங்காய், மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) எல்லாம் சேர்த்து எழுநூறு கேட்டார். தேங்காய் பக்கத்து ஈத்தாமொழியுடையது. அந்தத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு உண்டு, சும்மா இல்லை.

மீனைக் கொடுத்துவிட்டு வெளிச்ச வீட்டுப் (கலங்கரை விளக்கம்) பக்கம் பாறைக்குப் போனோம். தையில் ஆறேகால் வாக்கில் சூரியன் கடலுக்குள் இறங்கும். நீங்கள் வரும்போது ஆறுக்கு முன்னாலேயே இறங்கிவிடும், ஐந்தரைக்குள் போய்விடுங்கள். ஈரமாக இருக்கிற பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள். முட்டத்து அலை சொல்லிவிட்டு வராது. பாட்டிலையும் அங்கே கொண்டு போக வேண்டாம். போலீஸ் வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அது பிள்ளைகள் விளையாடுகிற இடம், எங்கே பார்த்தாலும் உடைந்த கண்ணாடி. காலி பாட்டிலை டாஸ்மாக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால், விற்கும்போது கூடுதலாக வாங்கிய பத்து ரூபாய் கைக்கு வரும்.

அறைக்குத் திரும்பினால் பீர் சூடாக இருந்தது. பிரிட்ஜ் வேலை செய்யவில்லை. அக்காவின் பையன் ஓடிப் போய் ஒரு வாளி ஐஸ் கொண்டு வந்தான். மீனுக்குப் போடுகிற ஐஸ். பாட்டிலின் லேபிள் ஊறிக் கழன்று போனது, கிளாஸை மூக்குக்குக் கொண்டு போனால் சாளை வாசனை. இவர், "சைடிஷ் தனியா வேண்டாம் போலிருக்கு" என்றார்.

மொட்டை மாடியில் பாய். முதலில் அந்த இலவசச் சாளை, மிளகும் மஞ்சளும் தடவித் தேங்காயெண்ணெயில் பொரித்தது. அரை மணி கழித்துக் கணவாய், தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் போட்டு வரட்டியது. கணவாயை அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக விட்டால் செருப்பு வார் ஆகிவிடும். அக்கா விடவில்லை. அதோடு ஒன்றேகால் மணி நேரம் எதுவும் கேட்கக் கூடாது என்று நானே சட்டம் போட்டேன். எழுந்து நடந்தோம், பழைய கதை பேசினோம், ஒரு சண்டையும் போட்டோம் (மகனுடைய பள்ளிக்கூடம் பற்றி, அது இங்கே வேண்டாம்). ஊருக்கு வருகிறவர்கள் இந்த இடைவெளியைத்தான் விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேஜையில் பரப்பி, பாதியை ஆற விட்டு, மீதியைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எட்டேமுக்காலுக்குக் கிழங்கும் புளிமுளமும் வந்தன. மரச்சீனியை அவித்துத் தேங்காயோடு மசித்தது. பக்கத்தில் காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) நசுக்கி எண்ணெய் விட்ட சம்மந்தி. புளிமுளம் என்பது குழம்பு மாதிரி ஓடாது. மீனைச் சுற்றிக் கெட்டியாக நிற்கும்.

இப்போது அண்ணியின் நிபந்தனைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் நடுத்துண்டு அப்பாவுக்கும் அண்ணனுக்கும். வாலும் தலையும் அம்மாவுக்கும் எனக்கும், அதுவும் எல்லாரும் எழுந்த பிறகு. "தலையிலதான் ருசி" என்று அம்மா சொல்லிச் சொல்லி, நாற்பது வயது வரை நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அக்கா சட்டியோடு வந்து நடுத்துண்டை எடுத்து இவர் தட்டில் வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கை தானாக அந்தப் பக்கம் போகிறது. இவர் ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"சாருக்கு வேண்டாமா?" என்றார் அக்கா.

"எனக்குத் தலைதான் பிடிக்கும்."

திருச்சியில் பிறந்து இந்த மனிதர் மீன் தலையைத் தின்று நான் பார்த்ததே இல்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் அந்தத் தலையோடு மல்லுக்கட்டினார், இரண்டு முறை முள் குத்தியது. நான் வெந்த நடுத்துண்டைச் சூடாகத் தின்றேன். ருசி நடுத்துண்டில்தான் இருக்கிறது, அண்ணே. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு மட்டிப்பழம் (எங்கள் ஊர் வாழைப்பழம்), ஒரு கருப்பட்டிக் காப்பி. அறை வாடகை தவிர மூவாயிரத்துக்குள் முடிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்மா போன். "விளமீன் நல்லா இருந்துதா?" சமையல்கார அக்காவின் நாத்தனார் எங்கள் தெருவில்தான் இருக்கிறாராம்.

களியக்காவிளை

கள் பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. குமரி மாவட்டத்தில் "எனக்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது" என்று ஆட்டோக்காரர் யாராவது சொன்னால் போகாதீர்கள். அது கள்ளாக இருக்காது, உங்களுக்கும் வழக்காகும்.

எங்கள் ஊர் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பாறசாலை, கேரளம். அங்கே உரிமம் வாங்கிய கள்ளு ஷாப்புகள் உண்டு. முகப்பில் "கள்ளு" என்று மலையாளத்தில் பெரிதாக எழுதியிருக்கும். போவதானால் காலை பதினொன்றுக்குள் போங்கள். காலையில் இறக்கிய கள் இனிக்கும். வெயில் ஏற ஏறப் புளிக்கும், போதையும் ஏறும். சாயங்காலத்துக் கள்ளை முதல் தடவை குடிக்கிறவர்கள் முகம் சுளிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். மீன் கறியும் கிழங்கும் அங்கேயும் கிடைக்கும், காரம் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். ஆனால் எல்லையோரத்து ஷாப்புகள் பெரும்பாலும் வேலை முடிந்து வருகிற ஆண்கள் கூட்டம், பெஞ்சு, ஈ. வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் முதலில் நீங்கள் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். பாட்டிலில் வாங்கி இந்தப் பக்கம் கொண்டு வர நினைக்க வேண்டாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் பதநீரை அக்கானி என்போம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிக்காது, அது அக்கானி. தடவாவிட்டால் அதே சாறுதான் கள். ஆனால் அதற்கும் ஒரு பருவம் உண்டு. நவம்பரில் அதை நம்பி வராதீர்கள்.

குளச்சல் வாத்தியார்

முந்திரிக்கொத்து மக்ளே, எல்லாம் சரி, கிழமையைச் சொல்லாமல் விட்டுவிட்டாய். எங்கள் கடலோர ஊர்களில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், மாதா கோயிலுக்குத்தான் போவார்கள். ஞாயிறு ராத்திரி மீன் கேட்டால் கிடைப்பது சனிக்கிழமை மீன். ஈரோட்டுக்காரர் வியாழன், வெள்ளி பார்த்து வரட்டும்.

பின்னால் படிக்கிறவர்களுக்காக இன்னொன்று. இந்த ஒரு மாவட்டத்துக்குள்ளேயே மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கடல் கணக்கில் வரும் சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடல் கணக்கில் வரும் முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் அடைத்திருந்தால் இன்னொரு பக்கம் போகலாம், ஜூன் முதல் இரண்டு வாரம்தான் இரண்டும் சேர்ந்து அடைபடும். தடை விசைப்படகுகளுக்குத்தான், அதனால் அப்போதும் சின்ன வள்ளத்து மீன் உண்டு, விலைதான் கூட.

அந்த மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அரிசி முடையில் ஏழைகளுக்கு என்று வந்த கிழங்கு. இப்போது ஹோட்டலில் அதற்கு இருநூறு ரூபாய் வாங்குகிறார்கள்.

பவானிக்கரை

போய்விட்டு வந்தாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

வாத்தியார் ஐயா சொன்னபடி வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டோம். ரசவடை ஆளுக்கு ஒன்று என்று போய் ஐந்து தின்றோம். நாலரைக்கு மழை பிடித்தது, சூரியனை அன்று கண்ணாலேயே பார்க்கவில்லை. கரையில் குடை பிடித்துக்கொண்டு வாங்கினோம். விளமீன் இல்லை, பாறை மீன் கிடைத்தது. நானும் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். விற்கிற அம்மா, "தம்பி, அது வாலு பக்கம்" என்றார்.

கள்ளை விட்டுவிட்டோம். ஒயின் கோவை வழியாக வந்த தம்பி வாங்கி வைத்திருந்தது. ஒரு கிளாஸ் என்றவள் இரண்டு குடித்தாள். ஏழரைக்குக் கரண்டு போய்விட்டது. மொட்டை மாடி இல்லை, வராந்தாவில் மெழுகுவத்தி. சமையல் செய்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிச் சட்டியை நானே வாங்கிக்கொண்டேன். கிழங்கை எடுத்து வைத்து, நடுத்துண்டை அவள் தட்டில் போட்டேன், ஆவி பறந்தது. அவள் அதைப் பார்த்தாள், இரண்டாகப் பிய்த்தாள், பாதியை என் தட்டில் வைத்துவிட்டாள். "முந்திரிக்கொத்து அக்கா பேச்சைக் கேளு" என்றதற்கு, "நீங்க தின்னாட்டி எனக்கு எறங்காது" என்றாள். அதற்கு மேல் என்ன செய்வது?

மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கினோம், மதுரை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. வீட்டம்மா புளிமுளம் செய்முறை கேட்டு வாங்கச் சொல்கிறாள்.

முந்திரிக்கொத்து

அண்ணிக்குத் தர மாட்டேன், உங்களுக்குத் தருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அரை மூடித் தேங்காய், ஏழெட்டுச் சின்ன உள்ளி, இரண்டு கரண்டி மிளகாய்ப் பொடி, ஒரு கரண்டி மல்லிப் பொடி, கொஞ்சம் மஞ்சள். வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும், அவசரப்பட்டால் திப்பி நிற்கும். நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, அரைப்பும் உப்பும் கறிவேப்பிலையும் சேர்த்து மண்சட்டியில் கொதிக்க விடுங்கள். பச்சை வாடை போன பிறகு மீனைப் போடுங்கள். அதற்கப்புறம் கரண்டி உள்ளே போகக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். எண்ணெய் பிரிந்து கெட்டியானதும் இறக்கி, மேலே ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெய். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதையாவது ஊற்றிவிட்டு என்னிடம் வந்து சரியாக வரவில்லை என்று சொல்லாதீர்கள்.

அணை மீனில் செய்தால் புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.